அன்றாடப் பாதைகளும் அனர்த்த எச்சரிக்கையும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து

2004 டிசம்பர் 26 காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 6.59க்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் பிளந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் தன் முதல் அறிக்கையை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பியது. நிலநடுக்கத்தின் வலுவை அது குறைவாகவே கணித்திருந்தது. பசிபிக் நாடுகளுக்கான அந்த ஏற்பாட்டில் இலங்கைக்கு இடமும் இல்லை. அலை நம் கிழக்குக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகள் அழிந்தன. கிண்ணியா வைத்தியசாலையே சிதைந்தது. மாவட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் போயின. கருவி இல்லாததால் நேர்ந்த அழிவு இது என்றே அன்று பெரும்பாலோர் முடிவுகட்டினர். அந்த முடிவு பாதி சரி. நிலநடுக்கம் நிகழ்ந்த செய்தி உலகின் ஒரு மூலையில் இருந்தது. கிண்ணியாக் கரையில் நின்றவருக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்க, நாளாந்தம் ஆள் நடமாட்டமுள்ள ஒரு செய்திப்பாதை இல்லை. தகவல் தொழில்நுட்பத்தின் முதல் வேலை இம்மாவட்டத்தில் அப்படியொரு பாதையை அமைப்பதுதான் என்பதும், அனர்த்தத்துக்கென்றே தனியாக நிறுத்தப்படும் கருவி அனர்த்தம் வராத ஆண்டுகளில் செத்துப்போகும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சுனாமிக்குப் பின் அரசு சும்மா இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் 117 என்ற அவசர இலக்கமும் வந்தன. கரையோரம் முழுவதும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2011இல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கைச் சேவையைப் பொறுப்பேற்றதோடு முன்னறிவிப்பின் மேற்பகுதி உறுதிப்பட்டுவிட்டது. கீழ்ப்பகுதியின் கதை வேறு. கோபுரங்கள் பல பழுதாகிக் கிடப்பதாக நாளேடுகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. இதில் வியப்பில்லை. உப்புக்காற்றில் நிற்கும் மின்கலமும் ஒலிபெருக்கியும் ஆண்டுக்கணக்கில் வேலையின்றி நின்றால், அவை பழுதானதை அறிபவர் எவருமில்லை. கைபேசிக் கோபுரம் அரை மணி நேரம் நின்றால் ஊரே முறையிடும். சுனாமிக் கோபுரம் ஐந்து ஆண்டு நின்றாலும் முறையிட ஆளில்லை. பராமரிப்பு நிதியின் பற்றாக்குறையை மட்டும் குற்றம் சொல்வோர் இந்த அமைப்புக் குறையைக் காண்பதில்லை. நிதி வந்தாலும் பயன்படுத்துவோர் இல்லாத கருவியைக் கண்காணிப்பவர் இருக்கமாட்டார்.

கோபுரங்களில் இன்னொரு குறையும் உண்டு. அவை கடலை மட்டும் பார்க்கின்றன. திருகோணமலைக்கு ஆபத்து நான்கு வழியாக வருகிறது: கடல், காற்று, ஆறு, குளம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் திருகோணமலைப் பக்கத்தைத் தாக்கிவிட்டே பாக்கு நீரிணையைக் கடந்தது. 2000 டிசம்பர் 26இல் மற்றொரு புயல் திருகோணமலையருகே கரையேறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே நுழைந்தது. உள்நாட்டிலோ, 1986 ஏப்ரல் 20 விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டனர். குளக்கோட்டன் பெயரோடு மரபுக்கதை சேர்த்துப் பேசும் அந்தப் பெருங்குளத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்குக் கரையோரக் கோபுரம் எதுவும் உதவியிருக்காது. 600க்கும் மேற்பட்டோரை நாடெங்கும் பலிகொண்ட 2025 நவம்பரின் டிட்வா புயலிலும் இம்மாவட்டத்தின் பெருந்துயர் ஆற்றுவழியே வந்தது. மகாவலி பெருகி, மாவிலாற்றுக் கரை உடைந்து, சேருவில, மூதூர், வெருகல் தாழ்நிலங்கள் வெள்ளத்துள் அகப்பட்டன.

இந்த ஆற்றுவெள்ளத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று அங்கேதான் கிடைக்கிறது. மகாவலி மத்திய மலைநாட்டில் பெறும் மழை பொலன்னறுவை மாவட்டத்து மனம்பிட்டியைக் கடந்தே கொட்டியாரக்குடாவை நோக்கி இறங்குகிறது. மனம்பிட்டியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவி இருக்கிறது. அங்கே மட்டம் ஏறியபின் கீழ்நிலத்தில் அது தெரியப் பல மணி நேரம் ஆகும். சுனாமி தந்த அவகாசத்தைவிட இது நீளமானது. கணினி மாதிரிகூடத் தேவையில்லை, எண்ணைப் பார்த்தால் போதும். ஆனால் எண் ஒரு திணைக்களத்தில், அளவி இன்னொரு மாவட்டத்தில். மக்களை வெளியேற்றும் அதிகாரம் இந்த மாவட்டச் செயலகத்தில். கதவைத் தட்டும் வேலை கிராம உத்தியோகத்தருக்கு. இந்த நான்கு கண்ணிகளையும் இணைக்கும் மென்பொருள் எழுதுவது கடினமல்ல. கண்ணிகள் ஒன்றையொன்று நாளாந்தம் பேசப் பழக்குவதே கடினம். வெருகல் கிராம உத்தியோகத்தர் வெள்ளமற்ற ஆடி மாதத்திலும் மனம்பிட்டி மட்டத்தைத் தன் கைபேசியில் பார்ப்பவராக இருந்தால்தான், மார்கழியில் அந்த எண் அவருக்குப் பொருள் தரும்.

கருவிகளை ஒப்பிட்டு அறியும் முயற்சி இலங்கையில் முன்பே நடந்திருக்கிறது. லேர்ன் ஏசியா நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து சுனாமிக்குப் பின் 32 கிராமங்களில் செய்மதி வானொலி, கைபேசி, நிலையான தொலைபேசி எனப் பலவற்றைச் சோதித்தன. 2009இல் டயலொக் நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியன சேர்ந்து கைபேசிவழி எச்சரிக்கை வலையமைப்பொன்றைத் தொடங்கின. இங்கே ஒரு தொழில்நுட்ப நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே போவது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பெடுத்தால் அதுவும் வரிசையில் சிக்கிக்கொள்ளும். கைபேசிக் கோபுர ஒலிபரப்பு முறையோ அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே தடவையில் போய்ச்சேரும், எண்கூடத் தேவையில்லை. மூதூர்ச் சந்தைக்கு வந்த வெளியூர்க்காரருக்கும் கிடைக்கும், மூதூரிலிருந்து கொழும்பு போனவரைத் தேவையில்லாமல் பதற்றாது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் 8.6 வலுவுடைய நிலநடுக்கத்துக்குப்பின் கரையோர மக்கள் வெளியேறியபோது, ‘ஓடுங்கள்’ என்பதற்கு எவ்வளவு அவசியமோ ‘இனித் திரும்பலாம்’ என்பதற்கும் அவ்வளவு அவசியம் உண்டென்பது விளங்கியது. ஊதி ஓயும் சங்கு இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாது.

செய்தியின் மொழி அடுத்த கேள்வி. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் முஸ்லிம்களும் தமிழரும். அதாவது தமிழ் பேசுவோர். தலைநகரில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுப் பின்னர் மொழிபெயர்ப்பாளரைத் தேடும் எச்சரிக்கை, தொழில்நுட்பம் மிச்சப்படுத்திய நிமிடங்களை மொழிபெயர்ப்பு மேசையில் தின்றுவிடும். ஆபத்து வகைகள் எண்ணி முடிக்கக் கூடியவை, ஊர்ப்பெயர்களும் அப்படியே. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் உரிய வாசகங்களை மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி, இடமும் நேரமும் மட்டும் நிரப்பும்படி வைத்துக்கொள்ளலாம். அந்த வாசகத்தில் அகலாங்கும் தாழமுக்கத்தின் நகர்வும் வேண்டாம். ‘மகாவலி பெருகுகிறது, இன்றிரவு பத்து மணிக்குமுன் பாடசாலைக்குப் போங்கள், மாடுகளை அவிழ்த்து விடுங்கள்’ என்ற அளவில் இருந்தால் போதும். மாட்டைப் பற்றிய கடைசி வாக்கியத்தை அலுவலகங்கள் விரும்பாமல் போகலாம். கால்நடையை விட்டுப் போக மனமில்லாமல் பின்தங்குவோர் எங்கும் உண்டு என்பதால் அதை நீக்கக் கூடாது.

எச்சரிக்கைக்குப் பிந்திய முகாமைத்துவத்தில் இலங்கை உலகுக்கே முன்னோடி. 2005 சனவரியில் லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் எழுதிய சகானா என்னும் திறந்தமூல மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்தது. அதே ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் எயிற்றியிலும் பயன்பட்டது. அது அலை அடித்தபின் எழுதத் தொடங்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. வெற்றுப் பட்டியலிலிருந்து தொடங்கிய எந்த மென்பொருளும் முதல் மூன்று நாட்களில் குருடாகவே இருக்கும். யார் நடக்க இயலாதவர், யார் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வள்ளம் கடலில் நிற்கிறது என்பவை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. போர்க்காலம் முழுதும் பதிவு என்றாலே சோதனைச்சாவடி என்று அறிந்த மாவட்டம் இது. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு மூண்ட சண்டையில் மூதூர் இடம்பெயர்ந்தது. அப்படிப்பட்ட மக்களிடம் ‘உங்கள் நன்மைக்காகத்தான் விவரம் கேட்கிறோம்’ என்றால் நம்புவார்களா? இந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது, கழிக்கவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தொடக்கம் மட்டுமே. என் கருத்தில் விடை தரவைச் சுருக்குவதிலும் அதை வைத்திருக்கும் இடத்திலும் இருக்கிறது. இனம், சமயம், அடையாள அட்டை இலக்கம் எதுவும் அனர்த்தப் பட்டியலுக்குத் தேவையில்லை. வீட்டுக்கு எத்தனை பேரைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற கணக்குத் தேவை. அது கிராமத்திலேயே இருக்கட்டும். மேலே எண்ணிக்கை மட்டும் போகட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் பொறியியல் சார்ந்தது: புயலில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழும்போது அன்றாட வலையமைப்பை நம்புவது எப்படி? நியாயமான கேள்வி. ஆனால் புயலும் வெள்ளமும் கோபுரத்தைச் சாய்ப்பதற்கு முன்பே எச்சரிக்கைக்கான நேரம் கடந்துவிடுகிறது. அதன்பின் பள்ளிவாசல், கோவில், தேவாலய ஒலிபெருக்கிகளும் மீனவர் சங்கத்தின் வானொலிக் கருவியும் இருக்கின்றன. இவையும் நாளாந்தம் புழங்குபவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து வேளை பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி பழுதானால் அன்றே தெரிந்துவிடும். 1970இல் மூன்று இலட்சம் பேருக்கு மேல் புயலில் இழந்த வங்காளதேசம், செய்மதிப் படங்களோடு கையொலிபெருக்கி ஏந்திய தன்னார்வலர்களையும் சேர்த்தே தன் உயிரிழப்பைப் பல மடங்கு குறைத்தது. இன்று அங்கே எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அப்பணியில் இருக்கின்றனர்.

எஞ்சுவது சலிப்பு பற்றிய ஐயம்: அடிக்கடி வரும் செய்தியை மக்கள் அலட்சியம் செய்யமாட்டார்களா? உயிராபத்துக்குத் தனி ஒலியும் அன்றாடச் செய்திக்குச் சாதாரண ஒலியும் வைத்தால் இது தீரும். அன்றாடச் செய்திக்கு இங்கே பஞ்சமில்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் கந்தளாய்க் குளத்து மதகு திறக்கும் நாள், குச்சவெளி மீனவருக்கு நாளைய காற்றின் வேகம், மனம்பிட்டியின் இன்றைய மட்டம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் இதே பாதையில் இதே அலுவலர் அனுப்பட்டும். மதகுச் செய்தி வந்து சேராத வயற்காரர் மறுநாளே பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சண்டை பிடிப்பார். அந்த முறைப்பாட்டைப் பதிவுசெய்து பாதையைத் திருத்தும் பொறுப்பு இன்னார்க்கு என்று மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் ஆண்டுத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். அதற்குக் கோபுரம் எதுவும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.