தூண்டிற்கோலும் உருளையும்

கரையோரக் கடலில் தூண்டில் போட விரும்பும் ஒருவர், எந்தக் கோலை வாங்கலாம், 'ரீல்' என வழங்கும் உருளையில் எது நல்லது என்று கடையிற் கேட்டால், பெரும்பாலும் விலையைத்தான் சொல்லுவார்கள். ஆயினும் இக்கருவிகள் ஒவ்வொன்றும் மீன்பிடிப்போர் பட்ட ஏதோ ஒரு தொல்லைக்கு விடையாகப் பிறந்தவை. அந்தத் தொல்லையை அறிந்தால் தேர்வு எளிதாகும்.

இளமையில் நான் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் மூங்கிற்கழியின் நுனியில் தங்கூசியை முடிந்து தூண்டில் போடுவது வழக்கம். ஒரு மாலை பெரிய கொடுவா ஒன்று இரையைக் கவ்விற்று. அது ஓடத் தொடங்கியபோது, விட்டுக்கொடுக்க என்னிடம் ஒரு முழ நரம்பும் இல்லை. ஒரே இழுப்பில் தங்கூசி அறுந்தது. வெறுங்கழியுடன் வீடு திரும்பினேன்.

இந்தத் தொல்லை மிகப் பழையது. சீனாவில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மா யுவான் என்னும் ஓவியர், படகில் தனித்திருந்து மீன்பிடிக்கும் ஒருவரைத் தீட்டினார். அவர் கையிலுள்ள கோலில் ஓர் உருளை காணப்படுகிறது. நூலைச் சேமித்து வைக்கவும், வேண்டும்போது விடவும் அன்றே வழி கண்டிருந்தனர்.

விட்ட நூலை விரைந்து சுற்றுவது அடுத்த தொல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளர் உருளைக்குள் பற்சக்கரங்களை அமைத்தார். கைப்பிடி ஒருமுறை சுற்ற, உருளை பலமுறை சுழன்றது. 1864இல் மாசசூசெட்ஸ் கரையோரத்துக் கட்டிஹங்க் தீவில் தோன்றிய சங்கத்தார், பாறைகளினின்று அலைமேல் நீளும் பலகை மேடைகளில் நின்று, இத்தகைய உருளைகளால் வரிப்பாஸ் மீன்களைப் பிடித்தனர். ஆனால் மீன் ஓடும்போது உருளையைத் தடுக்கக் கட்டைவிரலே கருவி. விரல் புண்ணாகாதிருக்க உறை அணிந்தனர். கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்று விரல்களைத் தாக்கும்.

இத்தொல்லையை உருளைக்குள் அமைந்த உராய்வுத் தடை தீர்த்தது. 1913இல் கலிபோர்னியாவின் காட்டலினாத் தீவருகே வில்லியம் போஷன் இத்தகைய உருளையைக் கொண்டு, 355 பவுண்டு எடையும் வாள் போன்ற மூக்கும் உடைய பெருமீனைப் பிடித்தார். இழுப்பு மிகும்போது உருளை வழுக்கிச் சுழன்று நூலை விடும், கைப்பிடி அசையாது. எவ்வளவு இழுப்புக்கு இசைவது என்பதை மனிதன் முன்னரே வகுத்துவிடலாம்.

எறியும்போது நேரும் சிக்கல் இன்னும் எஞ்சியிருந்தது. சுழலும் உருளை, இரை நீரில் விழுந்த பின்னும் நில்லாது சுழன்று நூலைக் குருவிக்கூடாக்கிவிடும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கம்பளி ஆலைத் தொழிலில் இருந்த ஆல்பிரெட் இல்லிங்வொர்த், அசையாத கண்டின் நுனி வழியே இழை கழல்வதை அறிந்தவர். அம்முறையிலே, எறியும்போது சுழலாத உருளையை அமைத்து 1905இல் காப்புரிமை பெற்றார். 1938இல் அறிவிக்கப்பட்ட நைலான், பின்னர் மெல்லிய நரம்பாக வந்து இவ்வுருளைக்கு உற்ற துணையாயிற்று. அதற்குமுன் கடலில் பயன்பட்ட லினன் நூலை, மட்கிப் போகாமல் உலர்த்துவதே ஒரு வேலையாயிருந்தது.

கோலுக்கும் வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கர் மூங்கிலைப் பிளந்து பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தனர். அதற்கு முதலில் உதவியது நம் நாட்டினின்று சென்ற 'கல்கத்தா மூங்கில்'. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கண்ணாடியிழையும், 1970களில் கரியிழையும் அவ்விடத்தைப் பெற்றன. கண்ணாடியிழை முரட்டுக் கையாளலைத் தாங்கும்; கரியிழை எடை குறைந்தது, ஆனால் பாறையில் மோதினால் எளிதில் முறியும்.

ஆகவே, அலைகளைத் தாண்டி எறிய 10 முதல் 12 அடிக் கோல்; படகிலும் முகத்துவாரத்திலும் 7 அடியே போதும். புதியவருக்கும் இலேசான இரைக்கும் சுழலாத உருளை. கனத்த ஈயத்துக்கும் பெருமீனுக்கும் பற்சக்கர உருளை. உராய்வுத் தடையை நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு அமைத்துக்கொள்க. வீடு திரும்பியதும் உப்பை நன்னீரால் கழுவுக.

அன்று நான் இழந்த கொடுவாவைக் கரை சேர்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தக்க தருணத்தில் நரம்பை விட்டுக்கொடுக்கும் எளிய உருளை ஒன்று இருந்தால் போதுமானது.