பின்ஹே எழுதியதும் நெல்லை கேட்டதும்

ஊருக்கு வந்த ஒருவரை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டது குற்றமா? 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றம் குற்றம்தான் என்றது. சோறு போட்டவர் ஒட்டப்பிடாரம் வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை. சாப்பிட்டவர் வத்தலகுண்டிலிருந்து வந்திருந்த சுப்பிரமணிய சிவா. மேடையில் சிவா பேசியது ராஜதுரோகம், அவருக்கு இடம் கொடுத்தது அதற்கு உடந்தை. இவ்வளவுதான் விஷயம். திண்ணையில் இருப்பவருக்கும் இது ஒரே மூச்சில் புரியும். ஆனால் தீர்ப்பு எழுதப்பட்ட மொழியில் அன்றைய நெல்லைவாசிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது.

வழக்கின் வேடிக்கையே அங்குதான். தூத்துக்குடியிலும் தாமிரபரணிக் கரையிலும் கூட்டத்தின் முன் பேசியதெல்லாம் தமிழ். அதைப் போலீஸ்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். குறிப்பு மொழிபெயர்ப்பாகி ஆங்கிலத்தில் சாட்சியமாயிற்று. பேசியவர்களும் கேட்டவர்களும் தமிழர்கள். பேச்சின் பொருள் என்ன என்று முடிவுசெய்தவர் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப். பின்ஹே.

1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் கடைகள் மூடின. நகராட்சி அலுவலகமும் தபாலாபீசும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7ஆம் தேதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு. வ.உ.சி.க்கு, தாம் பேசியதற்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள்.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குற்றத்தை உறுதிசெய்த உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பு, சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் 32ஆம் தொகுதி, மூன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. ராஜதுரோகச் சட்டம் படித்த வக்கீல்களுக்கு அந்த எண் தெரியும். ஊருக்கு இந்த வழக்கு வேறு வழிகளில் வந்து சேர்ந்தது.

மேல்கோர்ட்டுத் தீர்ப்பைத் தமிழில் சொல்லும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருக்கிறது. முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். சதர் கோர்ட்டு போய் உயர் நீதிமன்றம் வந்ததும் அதே ஆண்டுதான். பயனுள்ள வேலை, ஆனால் வழக்காடப் போகிறவர் கையில் இருக்கவேண்டிய நூல் அது. சாயங்காலம் கூட்டம் கூட்டி வாசிக்கிற சரக்கு அல்ல. பின்னாளில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியபோது வேதநாயகம் பிள்ளைக்குக் கதை சொல்லும் கை வாய்த்திருந்தது என்பது வேறு.

நெல்லை வழக்குக்குக் கதை சொல்லியாக வாய்த்தவர் எட்டயபுரத்துக்காரர். பாரதி, சட்டப்பிரிவுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டே ஆட்களை எடுத்துக்கொண்டார்: கலெக்டர் விஞ்ச், சிதம்பரம் பிள்ளை. ஒரு பாட்டில் கலெக்டர் அதட்டுகிறார். அடுத்த பாட்டில் பிள்ளை பதில் சொல்கிறார். வில்லுப்பாட்டில் கேள்விக்குப் பதில் கேட்டுப் பழகிய ஊர் இது. வாதியும் பிரதிவாதியும் யார், எதற்காக மோதுகிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் விஞ்ச் நீதிபதியே அல்ல. கோர்ட்டு நடைமுறையைப் பார்த்தால் பாரதியின் பாட்டில் பிழை உண்டு. வழக்கின் உள்விவகாரத்தைப் பார்த்தால் இல்லை.

வ.உ.சி.யே தம் வழக்கைப் பாட்டாகச் சொன்னார். தம் சீடர் பரலி சு. நெல்லையப்பருக்காக எழுதிய சுயசரிதை முழுக்க அகவல். பிறப்பு, வக்கீல் தொழில், கப்பல் கம்பெனி, கைது, விசாரணை, சிறைச் சோறு என்று எல்லாம் அந்த ஓட்டத்திலேயே போகிறது. ஒரு வக்கீல் தன் சொந்த வழக்கை உரைநடையில் எழுதியிருந்தால் அது மனுவாகப் போயிருக்கக்கூடும். அகவல் அவரை அதிலிருந்து காப்பாற்றியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கு இன்னும் பெரிது. சென்னை உயர் நீதிமன்றத்திலேயே மூன்று நீதிபதிகள் முன் விசாரணை. குற்றவாளிக் கூண்டில் பதினான்கு பேர். ஆனால் ஜனங்கள் ஞாபகத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ரயில் பெட்டியும்தான் நிற்கின்றன. சுட்டவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்துவிட்டார். கோர்ட்டுக்கு நாயகனே வரவில்லை.

பிறகு சினிமா. ம.பொ.சி.யின் நூலை வைத்து பி.ஆர். பந்துலு 1961இல் எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வசூலில் கைகொடுக்கவில்லை. ஆனாலும் வ.உ.சி. என்றால் இன்றும் பலர் கண்ணில் வருவது சிவாஜியின் முகமும் சிறைச் செக்கும்தான். மேடைப் பேச்சாளர்கள் இரண்டு ஆயுளையும் கூட்டி ‘நாற்பது வருஷம்’ என்று முழங்கிப் பழகிவிட்டார்கள். மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்ததும், 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்துவிட்டதும் கைதட்டலுக்கு உதவாத சங்கதிகள். கதை ருசிக்க ருசிக்கக் கணக்கு கொஞ்சம் இடிக்கும்.

அந்தக் கணக்கையும் கதையையும் ஒன்றாகச் சேர்த்த வேலை அண்மையில் நடந்திருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ ஆவணங்களின் துணையோடு அந்த நாட்களுக்கு வாசகரை அழைத்துப் போகிறது. 2024இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. நாயகர்களை மட்டுமல்ல, மார்ச் 13இல் தெருவில் நின்றவர்களையும் அந்நூல் தேடிப்போகிறது.

சினிமாவில் இல்லாத ஒரு காட்சி மிச்சமிருக்கிறது. தண்டனையோடு வ.உ.சி.யின் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. பல வருஷம் கழித்து அது திரும்பக் கிடைக்கத் துணைநின்றவர் ஈ.எச். வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழிலில் உட்கார்ந்தார். தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.