செயற்கை மொழிகளில் ஒலிக் குறைப்பு

செயற்கை மொழியை ஆக்குவோர், எல்லோரும் எளிதில் பலுக்க வேண்டும் என்று ஒலிகளைக் குறைப்பதுண்டு. செருமானியக் கத்தோலிக்கப் பாதிரியார் யோகான் மார்ட்டின் சிலேயர் 1879-80இல் வெளியிட்ட வோலாபூக் மொழியில், சீனர்களுக்குக் கடினம் எனக் கருதி ரகரத்தைப் பெரும்பாலும் தவிர்த்தார். அதனால் ரோசாப்பூ 'லோல்' ஆயிற்று, மூலச்சொல்லே மறைந்துவிட்டது. ஆனால் இகரத்துக்குரிய நாக்கு நிலையோடு உகரத்துக்குரிய உதட்டுக் குவிப்பைச் சேர்த்து ஒலிக்கும் செருமானிய உயிரை அப்படியே வைத்துக்கொண்டார். மொழியின் பெயரிலேயே அவ்வொலி உள்ளது! தமக்கு எளியது உலகுக்கும் எளியது என்று எண்ணினார் போலும். அரி டி யோங் 1931இல் வெளியிட்ட திருத்தத்தில் ரகரம் திரும்பியது.

2001இல் கனடாவின் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனாவில் 5 உயிர்களும் ப, ட, க, ச, ம, ன, ல, ய, வ என 9 மெய்களுமே உள்ளன. பகரத்தை வல்லொலியாகச் சொன்னாலும் 'கம்பம்' என்பதில் வருவதுபோல் மெலிந்து சொன்னாலும் பொருள் மாறாது. தமிழருக்கு இது புதிதன்று. 45 உயிர்மெய்களில் டி, யி, வு, வொ ஆகியவை விலக்கப்பட்டதால் 41 எஞ்சுகின்றன. அசையின் இறுதியில் வரக்கூடிய மெய் னகரம் மட்டுமே. இவ்வளவு சிறிய தொகுதி போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அம்மொழியின் அடிப்படைச் சொற்கள் சுமார் 120 மட்டுமே என்பதுதான். ஆயிரக்கணக்கான சொற்கள் தேவைப்பட்ட வோலாபூக்கில் இதே அளவை வைத்திருந்தால், சொற்கள் மிக நீண்டிருக்கும். இல்லையேல் ஒன்றுபோல் ஒன்று ஒலித்திருக்கும்.