கரும்புச் சோகைக்குள்ளே ஒரு வரவு செலவு

மூங்கில்துறைப்பட்டுன்னா தென்பெண்ணை ஆறு, கூட்டுறவு சர்க்கரை ஆலை, வரிசை கட்டி நிற்கும் கரும்பு டிராக்டர். அந்தக் கரும்பின் இலை (சோகைன்னு மாட்டுக்குப் போடுவோமே, அதேதான்) ஒளிச்சேர்க்கைப் பாடத்தையே திருத்தி எழுத வைத்த கதை பலருக்குத் தெரியாது.

பயிர் வெளிச்சத்தில் கரியமில வாயுவை இழுத்துச் சர்க்கரை செய்கிறது. அதில் கொஞ்சத்தை இரவும் பகலும் சுவாசித்துச் செலவழிக்கிறது. இதை அளக்க, உயிருள்ள இலையை ஒரு பெட்டிக்குள் அடைத்து, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் கரியமில வாயுவில் எவ்வளவு வித்தியாசம்னு பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் நிகர வரவு. இருட்டாக்கினால் சுவாசச் செலவு.

சரி, உள்ளே போன கரி முதலில் என்னவாக மாறுகிறது? கால்வின் குழு அமெரிக்காவில் பாசியைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தது. கதிரியக்கக் கரியை ஊட்டி, சில விநாடியிலேயே கொதிக்கும் ஆல்கஹாலில் போட்டுக் கொன்று பார்த்தால், மூன்று கரி அணு உள்ள அமிலம். 1961-ல் நோபல். எல்லாச் செடிக்கும் இதுதான்னு முடிவும் கட்டியாச்சு.

ஹவாயில் கரும்புத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கோர்ட்சாக், ஹார்ட், பர் மூவரும் அதையே கரும்பு இலையில் செய்து பார்த்தார்கள். வந்தது மாலிக் அமிலமும் அஸ்பார்டிக் அமிலமும். இரண்டிலும் நான்கு கரி! 1950களில் கண்ட இந்த விஷயம் சங்கத்தின் ஆண்டறிக்கைகளிலேயே தூங்கி, 1965-ல்தான் ஆய்விதழில் வந்தது. அதற்கு முன்பே, 1960-ல், கார்ப்பிலோவ் என்பவர் மக்காச்சோளத்தில் இதைப் பார்த்து ரஷ்ய மொழியில் எழுதியிருந்தார். கண்டுகொள்ள ஆளில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-லிருந்து படிப்படியாக முழுப் பாதையையும் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்ததும் ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வகத்தில்தான். பல்கலைக்கழகங்கள் கோட்டை விட்டதைச் சர்க்கரைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் :-)

இதனால் கரும்புக்கு என்ன லாபம்? நெல் இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெயில் ஏற ஏற, தவறிப் போய் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். சேர்த்ததில் ஏறக்குறைய கால் பங்கு வீண். இதற்கு ஒளிச்சுவாசம்னு பேர். கரும்போ நான்கு கரி அமிலத்தை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் தள்ளி, அங்கே வாயுவை அடர்த்தியாக்கி, அந்தத் தவறுக்கே இடம் தராது. மூடிய பெட்டிக்குள் நெல்லை வைத்தால் வாயு பத்து லட்சத்தில் சுமார் 50 பங்கு வரை குறைந்து நின்றுவிடும். கரும்பு அதைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே கொண்டுபோய்விடும். சித்திரை வெயிலில் நாம் நிழல் தேடும்போது அதற்குக் கொண்டாட்டம்.

ஆனால் சுவாசச் செலவு கரும்புக்கும் உண்டு. வெட்டின பிறகும் நிற்காது. இலை போய்விட்டதால் அப்புறம் செலவு மட்டும்தான், வரவே கிடையாது. சர்க்கரை உடைவதும் கூடச் சேர்ந்துகொள்ளும். வெட்டு உத்தரவு வந்து வெட்டிய கரும்பு எந்த ஆலை வாசலில் இரண்டு மூன்று நாள் காய்ந்தாலும் இதே கதிதான்.

மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு கட்டப்பட்டது. 2009-10 பருவத்தில் அடிப்படை 9.5 சதவீதம். 2022-23-ல் அது 10.25 ஆனது. அந்தச் சதவீதம் ஆலை முழுமைக்கும் சேர்த்துப் போடும் கணக்கு. அன்று வெட்டியதும் மூணு நாள் காய்ந்ததும் அதில் ஒன்றுதான். காய்ந்த கரும்பு எடையும் குறையும், அது மட்டும் அவரவர் சீட்டில் தனியாக ஏறும்.