ஒரு ஜாமீன் கையெழுத்தின் வரலாறு



நேற்று கிரிவலப் பாதையில் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பாவைப் பார்த்தேன். "பையன் எங்களுக்கு கிரீன் கார்டு மனு போட்டிருக்கான் சார். அவன் வருமானம் பத்தலையாம். அங்க இருக்குற உங்க அண்ணன் மகனை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்களேன்" என்றார்.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

அரசுக்குச் சுமையாகக்கூடியவர்களை உள்ளே விடக் கூடாது என்று அமெரிக்கா 1882-லேயே சட்டம் போட்டது. பிற்காலத்தில் உறவினர்கள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அது வெறும் வாக்குறுதிதான், சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றங்கள் கூறின. 1996-ல் வந்த சட்டம் இதை மாற்றியது. 1997 டிசம்பர் 19 முதல் ஐ-864 படிவம் முழு ஒப்பந்தமானது.

மனுதாரரின் வருமானம், பொதுவாக, வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் அங்கே வசிக்கும் வேறொருவர் கூட்டு ஜாமீன் தரலாம். ஆனால் வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் 10 ஆண்டு உழைப்புக் கணக்கு சேரும்வரை அந்தப் பொறுப்பு தொடரும். வேலைக்குப் போகாத வயதான பெற்றோர் என்றால், ஆயுள் முழுக்கவும் நீளலாம்.

"உங்க மனையையும் சொத்தா காட்டலாம். வருமானத்துல குறையுற தொகைக்கு 5 மடங்கு மதிப்பு வேணும், ஒரு வருஷத்துக்குள்ள பணமாக்க முடியணும். முதல்ல அதைப் பாருங்க" என்றேன்.

அண்ணன் மகனிடம் கேட்பேன். ஆனால் இதையெல்லாம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். நீங்களும் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள், பிள்ளைகளே.