டொனால்ட் ராஸ் பிறந்த ஊர்

டொனால்ட் ராஸ் (நவம்பர் 23, 1872 - ஏப்ரல் 26, 1948) கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள டார்னாக் என்னும் சிற்றூரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தச்சுவேலை பயின்றபின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சென்று டாம் மாரிஸிடம் தொழில் கற்றார். ஊர் திரும்பி மைதானப் பராமரிப்பாளராகப் பணியாற்றினார். 1899-ல் அமெரிக்காவில் குடியேறி, அங்கே ஏறத்தாழ 400 மைதானங்களை வடிவமைத்தார்.

டார்னாக்கில் தங்கும் கோல்ஃப் ஆர்வலர்கள் ராஸ் பிறந்த வீட்டைத் தேடிச் செல்வதுண்டு. அவரது கலையை அறிய அங்கிருந்து கடற்கரைக்கும் செல்லவேண்டும். குமரி மாவட்டத்து முட்டத்தில் பாறைகளும் செம்மண் மேடுகளும் கரையின் இயல்பு என்றால், டார்னாக்கில் புல் மூடிய மணல்மேடுகள். உழவுக்கு உதவாத இத்தகைய கடலோர நிலத்தில்தான் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் வளர்ந்தது. டார்னாக்கில் குழிகள் அமைந்த புல்தளங்கள் பல இயற்கையான மேடுகளின்மேல் உள்ளன. குறி சற்றுப் பிசகினால் பந்து சரிவில் உருண்டுவிடும்.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் 1907-ல் திறக்கப்பட்ட ராஸின் இரண்டாம் மைதானத்தில் இதே வடிவம் உள்ளது. ஆகவே டார்னாக்கில் பிறந்த வீட்டுடன் அந்த மணல்மேடுகளும் அவரது நினைவிடமாகப் பேணப்படவேண்டியவை.