கைக்கத்தியும் காட்டுவழியும்

நெடுவழி நடப்பவன் தோளில் ஏற்றும் பொருள் ஒவ்வொன்றுக்கும் காலையில் ஓர் எடை. மாலையில் வேறோர் எடை. இதனை நான் ஏட்டில் கற்றவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் குழுவொன்றுடன் ஜொகூர் மாநிலத்துக் குனோங் லேடாங் மலைக்குச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருவன், கூடாரத்தின் முளைகளை அறைவதற்கென்று தச்சர் கையாளும் சுத்தியல் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். பாதி வழியில் அவன் நடை தளரக் கண்டு அதனை என் பையில் வாங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் முளைகளை அருகில் கிடந்த கல்லால் அறைந்தோம். சுத்தியல் என் பையின் அடியிலேயே கிடந்தது. அதனைத் தோண்டி எடுக்க ஒருவருக்கும் மனமில்லை. எதனைக் கொண்டுசெல்வது, எதனை விடுப்பது என்னும் வினாவுக்கு மாந்தர் எவ்வாறு விடை கண்டனர் என்பதனை அதன் பின்னரே தேடிப் படிக்கலானேன்.

அரசர்தம் வாளும் முடியும் அருங்காட்சியகத்தில் இடம்பெறும். வழிநடந்தோன் இடுப்பிற் செருகிய சிறுகத்தியோ எவருக்கும் வேண்டாததாய் மண்ணில் மக்கிப்போகும். மரமும் தோலும் நாரும் நெடுங்காலம் நில்லா. ஆதலின் இத்துறையில் பழஞ்சான்றுகள் மிகக் குறைவு. ஆயினும் ஒரு மனிதனை மட்டும் அவனுடைய உடைமைகளோடு பனிக்கட்டி நமக்காகக் காத்து வைத்திருந்தது.

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையை ஒட்டிய கணவாய் ஒன்றில், ஏறத்தாழ 3,210 மீட்டர் உயரத்தில், மலையேறிகள் இருவர் அவ்வுடலைக் கண்டனர். அண்மையிலுள்ள பள்ளத்தாக்கின் பெயரையொட்டி அவன் ‘ஓட்சி’ என்றழைக்கப்பட்டான். அவன் வாழ்ந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வயது நாற்பத்தைந்து அளவில் இருக்கலாம்.

அவன் எடுத்துச் சென்றவற்றை நோக்குங்கால் நமக்கு வியப்பே மிகுகின்றது. உலோகத்தாலானது ஒன்றே ஒன்று: யூ மரக் கைப்பிடியில் பொருத்திய செப்புக் கோடரி. அதன் அலகு பத்துச் சென்டிமீட்டருக்கும் குறைவு. அடுத்து, கைப்பிடியோடு சேர்த்தே ஒரு சாணுக்குள் அடங்கும் சக்கிமுக்கிக் கல் கத்தி. அதற்கு மரநாரினால் பின்னிய உறை. இடுப்புக் கச்சையில் தைத்த தோற்பை ஒன்று இருந்தது. அதனுள் சுரண்டும் கல் ஒன்று, துளையிடும் கல் ஒன்று, மெல்லிய கற்சில்லு ஒன்று, எலும்பூசி ஒன்று, தீமூட்ட உதவும் உலர்ந்த காளான் ஆகியவை. இவையனைத்தும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கத்தக்கவை. பிர்ச் மரப்பட்டையால் செய்த கலங்கள் இரண்டனுள் ஒன்றில் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் காணப்பட்டன. தணலை இலையிற் பொதிந்து அடுத்த தங்குமிடத்திற்கு எடுத்துச் செல்வது அக்கால வழக்கம் என்பர். தீயை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கடைந்தெடுக்கும் உழைப்பு அதனால் மிஞ்சியது.

இவற்றுள் என் கருத்தைக் கவர்ந்தது வேறொரு பொருள். பார்வைக்கு அது தடித்த பென்சிலைப் போன்றது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீள லிண்டன் மரத்துண்டு. அதன் நடுவே செருகிய மான்கொம்பு முனை. முதலில் இஃது என்னவென்றே ஆய்வாளர்க்கு விளங்கவில்லை. பின்னரே கற்கருவிகளைக் கூர்தீட்டும் கருவி இதுவெனத் தெளிந்தனர். மழுங்கிய கல்லின் விளிம்பில் கொம்பு முனையை வைத்து அழுத்தினால் சிறு சில்லுப் பெயர்ந்து புதுக்கூர் தோன்றும். மாற்றுக் கத்தி ஒன்றைச் சுமப்பதைக் காட்டிலும் இருக்கும் கத்தியைத் தீட்டும் கருவியைச் சுமப்பது எளிது என்பதனை அவன் அறிந்திருந்தான். நம் தோட்டப்புறங்களில் காண்டாவாளி சுமந்து நிரை நிரையாய் நடந்த பால்மரத் தொழிலாளரும் வெட்டுக்கத்தியைப் போலவே தீட்டுக்கல்லையும் போற்றியவர்களல்லரோ?

எனினும் அவன் கதை அத்துணை நிறைவானதன்று. 2018இல் வெளியான ஆய்வொன்று அவனுடைய கற்கருவிகளை நுணுகி நோக்கியது. அவை பன்முறை தீட்டப்பட்டுத் தேய்ந்து, இனித் தீட்டுதற்கு இடமின்றி இருந்தன. கத்தியின் முனை ஒடிந்திருந்தது. புதிய கல் கிடைத்து நெடுநாளாகியிருத்தல் வேண்டும் என அவ்வாய்வாளர் கருதினர். அம்பறாத்தூணியில் இருந்த பதினான்கு அம்புகளுள் இரண்டே முற்றுப்பெற்றவை, அவையும் ஒடிந்தவை. வில்லோ செதுக்கி முடிக்கப்படவே இல்லை. இடத்தோளில் எய்யப்பட்ட அம்பினால் அவன் உயிர் நீங்கினான். தீட்டும் கருவி இருந்தது. தீட்டுதற்குக் கல் இல்லை. இலேசான மூட்டையின் பெருமையைப் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் மண்ணுக்கு அண்மையிலும் ஒரு சான்றுண்டு. 1854 முதல் 1856 வரை சரவாக்கில் தங்கியிருந்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், டாயாக் மக்கள் மூங்கிலைக் கையாளும் திறத்தை 1869இல் வெளியிட்ட தம் பயணநூலில் விரிவாக வரைந்துள்ளார். கையிலிருப்பது வெட்டுக்கத்தி ஒன்றே. நீர் முகக்கும் குடமும், சோறு சமைக்கும் கலமும், ஆற்றைக் கடக்கும் பாலமும், நெடுமரத்தில் ஏறுதற்கு அறையும் முளைகளும் வழியில் வளர்ந்த மூங்கிலே. பானையைச் சுமவாமல் பானை செய்யும் அறிவைச் சுமந்தனர். அந்த அறிவோ ஒருநாளில் வருவதன்று.

மேலைநாட்டில் இக்கருத்தை எழுத்தில் வடித்தவருள் முதன்மையானவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 1821இல் பிறந்த அமெரிக்கர், செருப்புத் தைப்பவர், ‘நெஸ்முக்’ என்னும் புனைபெயரில் எழுதினார். ஐந்தடி மூன்றங்குல உயரம். நூறு இராத்தலுக்குச் சற்றே மிகுந்த உடல். போதாக்குறைக்கு நுரையீரல் நோய் வேறு. நியூயார்க் மாநிலத்து அடிரோன்டாக் காடுகளில் ஏரிக்கு ஏரி படகைத் தோளிற் சுமந்து நடத்தல் வேண்டும். வசதி படைத்தோர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டனர். அவர்களே படகையும் சுமந்தனர். அவ்வாறு செய்யச் சியர்ஸுக்குப் பொருளும் இல்லை, விருப்பமும் இல்லை.

எனவே படகு கட்டும் ரஷ்டன் என்பவரிடம் தமக்கேற்ற சிறுபடகுகளைச் செய்வித்தார். 1883இல் அவர் செலுத்திய படகின் எடை பத்தரை இராத்தல்; ஏறத்தாழ 4.8 கிலோகிராம். அதற்கு ‘சேரி கேம்ப்’ எனப் பெயரிட்டார். டிக்கன்ஸின் புதினம் ஒன்றில் வரும் மதுப்பிரியையான செவிலியின் பெயர் அது. அவள் தண்ணீரைத் தொடாதவள்; படகும் தண்ணீரை உட்கொள்ளலாகாது என்பது அவர் நகைச்சுவை! இலக்கிய ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

1884இல் வெளிவந்த ‘உட்கிராஃப்ட்’ என்னும் நூலில் அவர் தம் சுமையைக் கணக்கிட்டுக் காட்டுகிறார். படகு, மாற்றுடை, போர்வைப்பை, இரண்டு நாள் உணவு, சிறுகோடரி, தூண்டிற்கோல், தோற்பை ஆகிய யாவும் சேர்ந்து 26 இராத்தலைத் தாண்டியதில்லை. கருவிகள் மூன்று: இருபுறமும் அலகுடைய சிறுகோடரி, மெல்லிய அலகுடைய கத்தி, மடக்குக்கத்தி. கோடரியின் ஓரலகு மரம் வெட்ட மெலிந்தது. மற்றொன்று எலும்பு, கணு முதலிய வன்பொருள்களுக்கெனத் தடித்தது. கடைகளில் விற்ற தடித்த வேட்டைக்கத்திகளை அவர் விரும்பவில்லை. ரொட்டியும் இறைச்சியும் நறுக்குவதும் மீனைச் சீவுவதும் நாள்தோறும் நிகழும் வேலைகள். கரடியோடு கத்திச்சண்டையிடுவது எவருக்கும் நிகழாத வேலை. வாங்குவோர் கரடியை எண்ணியே வாங்கினர்.

சுவிட்சர்லாந்தில் இதே சிக்கலை வேறுவகையில் தீர்த்தனர். படைவீரர் துப்பாக்கியைப் பிரிக்கவும் தகர உணவைத் திறக்கவும் ஒரே மடக்குக்கத்தி வேண்டுமென அந்நாட்டுப் படை முடிவுசெய்தது. கார்ல் எல்சனர் என்னும் கத்தித்தொழிலாளி 1891 முதல் அதனைச் செய்தளித்தார். 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில் ஒரே வில் இருபுறத்து அலகுகளையும் தாங்கியது. இரண்டே விற்களில் ஆறு கருவிகள் அமைந்தன. கருவி கூடியும் எடை கூடவில்லை. பின்னாளில் அலகுகளை மேன்மேலும் அடுக்கிக் கையிற் பிடிக்கவும் இயலாத கத்திகளும் விற்பனைக்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி எம்மா கேட்வுட் அம்மையார். 1887இல் ஒகாயோ மாநிலத்தில் பிறந்தவர். பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர். கணவரின் கொடுமையைப் பல்லாண்டு தாங்கி, 1941இல் மணவிலக்குப் பெற்றவர். அப்பலேசியன் நெடுவழியைப் பற்றி இதழொன்றிற் படித்து, 1954இல் வடமுனையிலிருந்து நடக்கத் தொடங்கினார். வழி தப்பியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, வனக்காவலர் அவரை வீட்டுக்கு அனுப்பினர். மறு ஆண்டு, 67ஆம் வயதில், தென்முனையிலிருந்து மே 3ஆம் நாள் மீண்டும் புறப்பட்டார்.

தோளில் தாமே தைத்த துணிப்பை. கூடாரமில்லை, படுக்கைப்பை இல்லை. மழைக்குக் குளியலறைத் திரை. பையினுள் மடக்குக்கத்தி, கைவிளக்கு, காயத்துக்குக் கட்டு, அயோடின், கொண்டை ஊசிகள், தைலம், எழுதுகோல், சிறு குறிப்பேடு. காலில் துணிக்காலணி. இவற்றுள் சிறப்புக் கடையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை. ஏறத்தாழ யாவும் ஒரு பாட்டியின் வீட்டில் கிடப்பவையே.

இதனை முற்றும் போற்றிவிடவும் என்னால் இயலவில்லை. பல இரவுகளில் முன்பின் அறியாதார் வீடுகளில் இடங்கேட்டுத் தங்கினார். பசித்தபோது பிறர் உணவளித்தனர். அவர் சுமக்காத எடையில் ஒரு பகுதியை வழியிலிருந்த மக்கள் சுமந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இரு புயல்கள் அடுத்தடுத்து வீசி ஆறுகளைப் பெருகச் செய்தபோது, போர்வையும் திரையும் மட்டுமே கொண்டவருக்கு இடர் மிகுதியே. ஆயினும் 2,050 மைல் நடந்து, செப்டம்பர் 25ஆம் நாள் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். அவ்வழி முழுவதையும் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதற் பெண்மணி அவரே. 1957இல் அதே வழியை மறுமுறை நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் முடித்தபோது அவருக்கு வயது 76.